கால் முளைக்காத ஒரு வாற்பேய்

கிரின்ஸ்டெட்டில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவிலிருந்து பதினொரு எட்டு வைத்தால் ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் தொட்டி இருக்கிறது. அறுபது லீற்றர் கொள்ளும். போன வருடம் ஏப்ரலில் அதற்குள் நாற்பத்தெட்டு வாற்பேய்கள் நீந்தின. வாற்பேய் என்பது நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த சொல். தமிழ்நாட்டுக்காரர் தலைப்பிரட்டை என்பார்கள். தவளையாவதற்கு முன் வாலோடு திரியும் அந்தக் கறுத்த பொட்டுகளைத்தான் சொல்கிறேன்.

டேனிஷ்காரரின் இந்த நாட்டில் தவளைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. முட்டையைக் கொஞ்சமாக எடுத்து வளர்த்துப் பார்க்கலாம், ஆனால் எடுத்த குளத்திலேயே திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும் என்று வாசித்திருந்தேன். வாசித்தது போதாதென்று கொம்யூன் என்ற நகரசபை அலுவலகத்துக்கு இரண்டு தடவை தொலைபேசி எடுத்துக் கேட்டேன். இரண்டாவது தடவை பேசியவர், "செவ்வாய்க்கிழமையும் நீங்கள்தானே கேட்டீர்கள்?" என்றார். ஆம் என்றேன். வேறு நாளில் வேறு பதில் வந்துவிடக்கூடும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

எண்ணுவது என் பழக்கம். விலங்கியல் படித்தவன். யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தேன். பிறகு இங்கே வந்து இருபத்தாறு வருடம் ஒரு தொழிற்சாலையில் மூட்டை அடுக்கினேன். ஒரு மரத்தட்டுக்கு நாற்பது மூட்டை. ஓய்வுபெற்ற பிறகு எண்ணுவதற்கு மூட்டை இல்லை. அதனால் வீதி விளக்கு, மாடிப்படி, தேவாலயத்தில் எனக்கு முன்னால் இருக்கும் தலைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணத் தொடங்கினேன். எண்ணியதைக் கட்டம் போட்ட கொப்பியில் எழுதி வைப்பேன். அப்படிப் பதினேழு கொப்பிகள் சேர்ந்தன.

"உங்களுக்கு எண்ணுறதுக்கு ஏதாவது வேணும்" என்று ஒருநாள் என் மனைவி சொன்னாள். "இல்லாட்டி நான் எத்தினை தரம் மூச்சு விடுறன் எண்டு எண்ணத் தொடங்குவியள். எழும்புங்கோ, குளத்தடிக்குப் போவம்."

அவள்தான் காரில் கூட்டிக்கொண்டு போனாள். ஊருக்கு வெளியே ஏழு கிலோமீட்டர். ஒரு உள்ளங்கை நிறைய முட்டை எடுத்து வந்தோம்.

தவளை உருமாறுவதைப் பார்ப்பவர்கள் காலைப் பார்ப்பார்கள், வாலைப் பார்ப்பார்கள். என் மனம் போவது அதன் மண்டைக்குள் இருக்கும் கபச்சுரப்பியிடம், பிட்யூட்டரி என்பார்களே, அதனிடம். மூளையின் அடியில் தொங்கும் ஒரு பொட்டு. மனிதனில் அது ஒரு கடலைப்பருப்பு அளவு. தவளையில் குண்டூசித் தலை. வாற்பேயில் அந்த அளவும் கிடையாது. அந்தப் பொட்டு தைரொயிட் சுரப்பிக்குச் சொல்லும், தைரொயிட் உடம்பு முழுவதற்கும் சொல்லும். சொல்வது ஒரே செய்தி. அதைக் கேட்டுக் கால் முளைக்க வேண்டிய இடத்தில் உயிர்க்கலங்கள் பெருகுகின்றன. அதே செய்தியைக் கேட்டு வாலில் உள்ள கலங்கள் சாகின்றன. பாசியை அரித்துத் தின்ற நீண்ட குடல் சுருங்கிப் பூச்சி தின்னும் குடலாகிறது. சிறிய வாய் அகலமாகிறது. வாய் மாறும் அந்தச் சில நாட்களில் அதற்குச் சாப்பாடு கிடையாது. தன் வாலையே கரைத்து அதில் உயிர் வாழும். ஐம்பது வருடமாக இதை நினைத்துப் பார்க்கிறேன். வியப்பு இன்னும் குறையவில்லை.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடத்தில் இந்தச் சுரப்பியைப் பற்றித்தான் நான் செய்முறை செய்தேன். அறுபத்திரண்டு தவளைக் கருக்களில் அது உருவாகும் இடத்தை, தீட்டிய ஊசியால் கிள்ளி எடுத்தேன். கடுகை விடக் கொஞ்சம் பெரிய உயிர்கள். ஐம்பத்தேழு செத்துப்போயின, ஐந்து பிழைத்தன. அந்த ஐந்தும் கறுக்கவில்லை. மீன் செதிள் போல வெள்ளி நிறத்தில் இருந்தன, ஏனென்றால் தோலைக் கறுக்க வைக்கும் சுரப்புநீரான ஓமோனும் அந்தச் சுரப்பியில்தான் இருக்கிறது. கறுப்புச் சட்டிக்குள் விட்டுப் பார்த்தேன். அப்போதும் வெளிறியே இருந்தன. மெல்ல மெல்ல வளர்ந்தன. கால் மட்டும் முளைக்கவில்லை. நான் கை வைக்காமல் விட்ட மற்றவை தவளையாகித் துள்ளிப்போன பிறகும் அவை ஐந்தும் சட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. செய்முறைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. எத்தனை புள்ளி என்பது எனக்கே மறந்துவிட்டது. அந்த வெள்ளி நிறம் மறக்கவில்லை.

கிரின்ஸ்டெட் தொட்டியில் ஜூன் முடிவதற்குள் நாற்பத்திரண்டு தவளைகள். நான்கு தடவையாகக் குளத்தில் கொண்டுபோய் விட்டோம். ஐந்து செத்துவிட்டன. ஒன்று மிஞ்சியது. அதற்குக் கால் இல்லை. ஜூலை பிறந்தது, அப்போதும் இல்லை. தினமும் காலை ஏழரைக்குப் போய்ப் பார்ப்பேன்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது அறுபத்தாறு வயது. முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது அவள் மட்டும். நான் ஓட்டுநர் பரீட்சைக்கு மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை சோதித்தவர், என்னில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் எனக்குப் பின்னால் பதினான்கு வாகனங்கள் நிற்கின்றன என்றார். நான் பார்த்தபோது பதினாறு நின்றன. அதன் பிறகு போகவில்லை. இந்த ஊரில் பஸ் அருமை. கடைக்கும் மருத்துவரிடமும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஐம்பத்துநான்கு கிலோமீட்டர் தள்ளிப் பிரெடெரிசியாவில் நடக்கும் தமிழ் ஆராதனைக்கும், அவள் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து வழியிலுள்ள பாலங்களை எண்ணிக்கொண்டு போவேன்.

அந்த ஆராதனையில்தான் இரண்டு வருடமாக எல்லோரும் அவளைப் பார்த்து ஒன்றைச் சொன்னார்கள். "அக்கா, முகம் நல்லா நிறைஞ்சு வருது." "பென்சன் எடுத்தாப் பிறகுதான் உடம்பு பிடிக்குது, என்ன?" எங்கள் சனத்தில் இது வாழ்த்து. ஓடி ஓடி உழைத்து மெலிந்தவர்கள் நாங்கள். சதை போட்டால் சுகம் என்று எடுத்துக்கொள்வோம். பாட்டுக் குழுவில் முப்பது வருடம் மேல்குரலில் பாடியவளைக் குழுத் தலைவி ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இனிக் கீழ்க்குரலுக்கு வாங்கோ. உங்கட குரல் இப்ப நல்ல கனமாய் இருக்கு" என்றாள். மனைவிக்குக் கொஞ்சம் கவலை. வயதானால் குரல் தடிக்கும் என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

கலியாண மோதிரம் இறுகியது. பிரெடெரிசியாவில் பகலில் தொழிற்சாலைக்குப் போய்விட்டு மாலையில் வீட்டின் கீழறையில் நகை வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். அவர் மோதிரத்தை வெட்டி, நடுவில் பொன் வைத்து ஒட்டிப் பெரிதாக்கித் தந்தார். பதினாறு மாதம் கழித்து மறுபடியும் இறுகியது.

"அக்கா, என்ன சாப்பிடுறியள்? அண்ணைக்கும் கொஞ்சம் குடுங்கோ. அவர் அப்பிடியே ஈர்க்குக் குச்சி மாதிரி நிக்கிறார்" என்று சிரித்துக்கொண்டே அவர் இரண்டாவது தடவையும் வெட்டினார்.

மோதிரத்தின் உட்சுற்றளவை மில்லிமீற்றரில்தான் இங்கே சொல்வார்கள். முதலில் ஐம்பத்தைந்து. பிறகு ஐம்பத்தெட்டு. பிறகு அறுபத்தொன்று. மூன்றையும் கொப்பியில் எழுதினேன். அவளுடைய சப்பாத்து அளவும் அதே கொப்பியில் இருந்தது: முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அந்த வருடம் அவள் தோட்டத்துக்குப் போகும்போது என்னுடைய மரக்கட்டைச் செருப்பைப் போடத் தொடங்கினாள். நாற்பத்தொன்று. "உங்கட செருப்பு எனக்கு அளவாய் இருக்கப்பா" என்றாள். நல்லது, இனி ஒரு சோடி போதும் என்றேன். விலங்கியல் படித்தவன் சொன்ன பதில் இது.

அவளுடைய காரின் இடப்பக்கக் கண்ணாடி கராஜ் தூணில் இரண்டு தடவை உரசியது. வலப்பக்கக் கண்ணாடி ஒரு தடவை. அதையும் எழுதினேன், எழுதியதைச் சொல்லியும் காட்டினேன். "நீர் வரவரக் கவனமில்லாமல் ஓடுறீர்." அவள், "தூணைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ" என்றாள்.

ஜூலை நடுவில் ஒரு பிற்பகல். கடையிலிருந்து திரும்பி வரும்போது வட்டச் சந்தியில் வலப்பக்கமாக ஒரு சைக்கிள்காரர் வந்தார். அன்று வழியில் நான் எண்ணிய மூன்றாவது சைக்கிள் அது. தூரத்திலேயே கண்டுவிட்டேன். அவளும் கண்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்து, எங்கள் காரின் முன்மூடியில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். நான் கத்தினேன். கார் நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எதைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறாய் என்று டேனிஷில் திட்டிவிட்டுப் போனார்.

"அந்த ஆள் எங்கயிருந்து வந்தது?" என்றாள் அவள். "வானத்திலயிருந்து விழுந்ததோ?"

வீட்டுக்கு வந்து தேநீர் போட்டாள். மேசையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த சீனிப் போத்தலை முழுத் தலையையும் திருப்பித் தேடி எடுத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் கதிரையை இழுத்து அவளுக்கு நேரே போட்டேன்.

"இஞ்சை பாரும். என்ர மூக்கைப் பாரும்."

"உங்கட மூக்கை நாப்பத்திரண்டு வருசமாப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன். இனி அதிலை என்ன கிடக்கு?"

"கண்ணை அசைக்காமல் மூக்கை மட்டும் பாரும். இப்ப எத்தினை விரல் தெரியுது?"

"எந்த விரல்?"

"என்ர விரல்."

"முதல்லை கையைத் தூக்குங்கோவன். பிறகு கேளுங்கோ."

என் இரண்டு கைகளும் தூக்கியபடிதான் இருந்தன. தோள்களுக்கு வெளியே, ஒரு பக்கம் இரண்டு விரல், மறுபக்கம் மூன்று விரல். கைகளை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தேன். என் காதுக்கு அருகில் வந்த பிறகுதான், "ஓ, இப்ப தெரியுது" என்றாள்.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் இரண்டு நரம்புகளும் வழியில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். பக்கவாட்டில் தெரிவதைக் கொண்டுபோகும் இழைகள் அந்தக் குறுக்குச் சந்தியில்தான் கடக்கின்றன. சந்திக்கு நேர் கீழே இருப்பது கபச்சுரப்பி. கீழே இருப்பது பெருத்தால் மேலே நசியும். இதை நான் பல தடவை கரும்பலகையில் வரைந்து படிப்பித்திருக்கிறேன். தேநீர்க் குவளையைப் பிடித்திருந்த அவளுடைய விரல்களைப் பார்த்தேன். எழும்பிப்போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. விரல் ஏன் பெருக்கிறது என்று கேட்காமல் மோதிரத்தைப் பெருப்பித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

திங்கட்கிழமை எங்கள் மருத்துவரிடம் போனோம். என் கொப்பியில் எழுத்து தமிழ், எண்கள் எல்லோருக்கும் பொது. அவர் எண்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு தன் கையை மேசையில் விரித்து, அவள் கையைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஆறடி உயரமான மனிதர். இரண்டு கைகளும் ஒரே அளவு. இரத்தப் பரிசோதனைக்கும் தலைப் படத்துக்கும் உடனே எழுதினார். அன்றைக்கே, முடிவு வரும்வரை கார் ஓட்டக் கூடாது என்றும் சொன்னார். திரும்பி டாக்சியில் வந்தோம்.

ஆகஸ்டில் முடிவு தெரிந்தது. கபச்சுரப்பியில் ஒரு கட்டி. புற்று இல்லை. வளர்ச்சி ஓமோனை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. பல வருடமாக மெல்ல வளர்ந்து பார்வை நரம்பை நெருக்குகிறது. மூக்கு வழியாகச் சத்திரசிகிச்சை செய்து எடுக்கலாம். பார்வை திரும்புமா என்பதற்கு, பெரும்பாலும் திரும்பும், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். எனக்கு எண் இல்லாத பதில் பிடிக்காது.

அன்றிரவு அவள் கார்ச் சாவியைப் பழக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"உயிருக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டினம். அது சரி. ஆனா பார்வை திரும்பாட்டிக் கார் இல்லை. கார் இல்லாட்டி இந்த ஊரிலை நானும் நீங்களும் அந்தத் தொட்டிக்குள்ள கிடக்கிறது மாதிரித்தான்."

"மகளிட்டைப் போயிருக்கலாம்தானே?" என்றேன். மகள் டோஸ்ட்ருப்பில் இருக்கிறாள், நாட்டின் மறுபக்கத்தில்.

"நான் என்ர வீட்டிலயிருந்து என்ர காரிலை பாட்டுப் படிக்கப் போக வேணும். வேறை ஒண்டும் கேக்கேல்லை."

பஸ் நேரங்களைப் பார்த்து எழுதினேன். ஞாயிறு காலை இரண்டு பஸ் மாறிப் பிரெடெரிசியா போய்ச் சேர்ந்தால், ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் போகவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் பன்னிரண்டு ஞாயிறு வீட்டிலேயே இருந்தோம். அவள் சமையலறையில் நின்று தனியாகப் பாடினாள், கீழ்க்குரலில்.

தொட்டியில் அந்த ஒன்று அப்போதும் கால் இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நாட்களில் அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. செப்ரெம்பரில் ஒரு காலை அவளே கேட்டாள்: "அதுக்கும் என்ர வருத்தமோ?"

"உமக்குச் சுரக்கிறது கூடிப்போச்சு. அதுக்குச் சுரப்பியே இல்லையோ எண்டு பயப்பிடுறன்."

"அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

ஒரு வழி இருந்தது. சுரப்பி இல்லாத வாற்பேய் எந்தச் சட்டியிலும் வெள்ளிதான். சுரப்பி இருந்தால், கறுப்புப் பாத்திரத்தில் தோல் கறுக்கும், வெள்ளைப் பாத்திரத்தில் வெளிறும், திரும்பக் கறுப்புக்கு மாற்றினால் திரும்பக் கறுக்கும். அவள் நிலம் துடைக்கும் வெள்ளை வாளியைக் கழுவிக்கொண்டு வந்தாள். தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றி வாற்பேயை விட்டோம். கேக் சுடும்போது வைக்கும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலத்துக்குத் திருகி வைத்துவிட்டு இருவரும் வாளிக்கு இரண்டு பக்கமும் கதிரை போட்டு இருந்தோம். அவள் பக்கவாட்டில் பார்க்க முடியாதபடியால் நன்றாகக் குனிந்து நேரே பார்த்தாள். ஒரு மணித்தியாலத்தில் அது கொஞ்சம் மங்கியது போல் இருந்தது. இரண்டில் மண்ணிறம். மூன்றில், தேநீருக்குப் பால் கூடிப்போனது மாதிரி.

"வெளிறிப்போச்சு! பாருங்கோ!"

கறுப்புத் தொட்டிக்கு மாற்றினோம். பின்னேரத்துக்குள் மறுபடி கறுத்துவிட்டது. கண் வெளிச்சத்தைப் பார்த்து மூளைக்குச் சொல்ல, மூளை அந்தப் பொட்டுக்குச் சொல்ல, அது தோல் முழுவதற்கும் சொல்ல, இவ்வளவும் என் கண் முன்னால், வாளித் தண்ணீருக்குள், ஒரு சத்தமும் இல்லாமல் நடந்து முடிந்தது. பல்கலைக்கழகத்தில் நான் பிடுங்கி எடுத்தது இதைத்தான்.

"அப்ப சுரப்பி இருக்கு?"

"இருக்கு."

"வேலை செய்யுது?"

"இந்த வேலை செய்யுது. கால் வேலை ஏன் நடக்கேல்லை எண்டு தெரியாது. குளிராய் இருக்கும். வெயில் கூடாதெண்டு நான்தான் தொட்டியை நிழலுக்குள்ள இழுத்து வைச்சன்."

"அப்ப அது உங்களை மாதிரித்தான். எல்லாம் சரி, ரெஸ்ற் மட்டும் பாஸ் பண்ணேல்லை."

அக்ரோபரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். சத்திரசிகிச்சை செய்பவர் நாற்பது வயதுப் பெண். சிறிய கைகள். ஒரு தாளில் மூக்கை வரைந்து, மூக்கின் பின்னால் எலும்பை வரைந்து, எந்த வழியால் உள்ளே போவேன் என்று பென்சிலால் காட்டினார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். என்னிடம் பத்தொன்பது கேள்விகள் எழுதியிருந்தன. முதலாவதைக் கேட்டேன்: "சுரப்பி முழுவதையும் எடுத்துவிடுவீர்களா?" ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதற்கு அந்த ஐந்து வெள்ளி வாற்பேய்களையும் சொல்லத் தொடங்கினேன்.

மகள் டேனிஷில், "அப்பா, இப்போது வேண்டாம்" என்றாள்.

மனைவி தமிழில், "டொக்டரிட்டையும் தவளைக் கதை தொடங்கியாச்சு" என்றாள்.

அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்தார். கரு அப்போது எத்தனை நாள் வயது, ஊசியை எதில் தீட்டினீர்கள், எத்தனை பிழைத்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். "அறுபத்திரண்டில் ஐந்தா? மாணவனுக்கு அது மோசமில்லை" என்றார். பிறகு என் மனைவியின் பக்கம் முழுதாகத் திரும்பி, அவள் பார்க்கக்கூடிய இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "அங்கே சேராததை மட்டும் எடுப்பேன். உங்களுடையதை உங்களுக்கே விட்டுவைப்பேன்" என்றார். என் மற்றப் பதினெட்டுக் கேள்விகளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

மோதிரம் சவர்க்காரம் போட்டும் கழலவில்லை. தாதி ஒருவர் நூல் சுற்றிச் சுற்றி எடுத்தார். அதை என் கையில் தந்துவிட்டு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று மணித்தியாலமும் இருபது நிமிடமும். காத்திருக்கும் அறையின் கூரையில் எத்தனை சதுரங்கள் என்று எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு அப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான்.

சத்திரசிகிச்சை செய்த பெண் வெளியே வந்தபோது அவர் முகத்தில் முகமூடியின் கோடு பதிந்திருந்தது. நன்றாக நடந்தது என்றார். நான் அவருடைய கைகளைத்தான் பார்த்தேன். ஐம்பத்தேழைக் கொன்றவனுக்கு அந்தக் கைகளின் அருமை விளங்கும்.

மூக்குக்குள் பஞ்சு வைத்திருந்ததால் அவள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள். அடுத்த நாள் காலை நான் விரல்களைத் தூக்கினேன். "ஏதோ நிழல் மாதிரி அசையுது" என்றாள். நான்காம் நாள் இடப்பக்கத்தில் சரியாக எண்ணினாள். வலப்பக்கத்தில் இல்லை. அன்று மோதிரத்தைக் கேட்டாள். போட்டுக் கையைக் கீழே விட்டாள். அது கழன்று போர்வையில் விழுந்தது. ஓமோன் இறங்கியதும் சதையின் வீக்கம் முதலில் வற்றிவிடும் என்று படித்திருந்தேன். நான்கே நாளில் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான், நாற்பத்தொன்று நாற்பத்தொன்றுதான். பார்வையின் வலப்பக்கம் என்ன ஆகும் என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

அந்த மூன்று மாதமும் காரும் தொட்டியும் கராஜுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. குளிருக்குத் தொட்டியை நான்தான் உள்ளே வைத்தேன். தண்ணீரின் மேல் கண்ணாடி போலப் பனி கட்டிய காலைகளில் ஒரு ஓட்டை போட்டுக் கீழே பார்ப்பேன். வால் ஒரு தடவை ஆடினால் போதும், உள்ளே போய் அவளுக்குச் சொல்வேன். பிறகு மேசையில் இருந்து விரல் எண்ணுவோம். வலப்பக்கம் நாளுக்கு நாள் திறந்தது. சில நாள் அவள் பார்க்காமலே ஊகித்துச் சொல்கிறாளோ என்று சந்தேகப்பட்டு விரலே காட்டாமல் கேட்டேன். "ஏமாத்துறியள். கை வெறுமையாய் இருக்கு" என்றாள். அதையும் கொப்பியில் எழுதினேன்.

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமர்த்தச் சொன்னார்கள். வரைபடத்தில் பார்வை உள்ள இடம் வெள்ளை; இரண்டு பக்கமும் வெள்ளைதான். வலப்பக்க ஓரத்தில் மட்டும் சில சாம்பல் கட்டங்கள். நான் ஏழு எண்ணினேன். கார் ஓட்ட அது தடையில்லை என்றார்கள். அந்த ஞாயிறே பிரெடெரிசியாவுக்குப் போனோம். மோதிரத்துக்கு உட்பக்கம் நூல் சுற்றிப் போட்டிருந்தாள். நகை வேலை செய்பவர் அதைக் கண்டுவிட்டு, "அக்கா, திரும்பச் சின்னனாக்கித் தரட்டோ?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. இனி முதல்லை டொக்டரைக் கேட்டுப்போட்டுத்தான் மோதிரத்தைத் தொடுறது."

பாட்டுக் குழுவில் அவள் கீழ்க்குரலிலேயே நின்றாள். அது பழகிவிட்டதாம்.

எனக்கு அந்த ஏழு கட்டங்கள் மனதை விட்டுப் போகவில்லை. வலப்பக்கம்தானே நான் இருக்கும் பக்கம், வலப்பக்கம்தானே அந்தச் சைக்கிள் வந்த பக்கம். அவள் ஓட்டும்போது பாலங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, வலப்பக்கத்தில் வருவதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். "சைக்கிள்." "ஆள்." "நாய்." "மரம்."

"மரம் வந்து முட்டாதப்பா" என்றாள்.

மே மாதத்தில் தண்ணீர் சூடேறியது. இந்தத் தடவை தொட்டியை வெயிலில் வைத்தேன். பத்தாம் நாள் காலை ஏழரைக்கு, வாலின் அடியில் இரண்டு பக்கமும் நூல் நுனி போல இரண்டு கால்கள். அவளைக் கூப்பிட்டேன். என் மரக்கட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து பார்த்தாள். ஒரு வருடமும் ஒரு மாதமும் காத்திருந்த கட்டளை வந்துவிட்டது. அதன் பிறகு ஒன்றும் நிற்கவில்லை. முன்கால் வந்தது. வாய் அகன்றது. வால் நாளுக்கு நாள் கட்டையானது. ஒவ்வொரு நாளும் அளந்தேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. ஒரு பொட்டு தன் வேலையைத் தொடங்குவதைக் கண்டு கண் கலங்கும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஜூன் முதல் கிழமை, வால் அரை அங்குலம் மிச்சமிருக்க, அதைக் குளத்துக்குக் கொண்டுபோனோம். ஒரு சின்னப் பெட்டியில் ஈரப்பாசி போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். கரையில் திறந்துவிட்டதும் அது கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஒரே தாவல். தண்ணீரில் வட்டம் விரிந்து போனது. நாற்பத்துமூன்று என்று கொப்பியில் எழுதினேன்.

திரும்பும் வழியில் வெறும் பெட்டியை மடியில் வைத்து, அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தேன். வால் முற்றாக வற்ற விட்டுக் கொண்டுபோயிருக்கலாமோ, மீன் பிடித்துவிடுமோ, கொக்கு கண்டிருக்குமோ என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. ஒரு பக்கம் ஊசியிலை மரங்கள், மறுபக்கம் பார்லி வயல். அவள் பிரேக்கை மெல்ல அமர்த்தினாள். கார் நின்றது.

"என்ன? என்ன நடந்தது?" என்று பதறினேன்.

"ஒண்டுமில்லை. உங்கட பக்கம் பாருங்கோ."

கண் ரோட்டில்தான் இருந்தது அவளுக்கு. தலை திரும்பவில்லை. என் பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வயல் விளிம்பில், பார்லிப் பயிருக்குள் காது மட்டும் தெரிய, ஒரு மான் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் அதைக் காணவே இல்லை.

"மான் ஒண்டு" என்றேன்.

"ரெண்டு. பின்னாலை குட்டி நிக்குது."

பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினேன். இரண்டுதான்.